வயதை உயர்த்துமுன் வாசலைக் காப்போம்

தியான வேதபகுதி: 1 சாமுவேல் 1:9-18; 3:11-14



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் சபையின் மூத்தோர் சிலர் ஒரு விண்ணப்பத்தை என் கையில் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கான வயதை 21-இலிருந்து 25-ஆக உயர்த்த வேண்டும் என்று முதலமைச்சருக்கு எழுதப்பட்ட விண்ணப்பம் அது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வாழும் நம் குடும்பத்தார் பலர் ஏற்கெனவே அதில் கையொப்பமிட்டிருந்தார்கள். முதல் வரி மட்டும் போதகருக்காகக் காலியாக விடப்பட்டிருந்தது. நான் கையொப்பமிடவில்லை, ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அது சிலரை வருத்தியது என்று அறிவேன். மதுவின் கேட்டைப் பற்றிப் பிரசங்க பீடத்தில் பேசுகிறவர் காகிதத்தில் கையெழுத்திடத் தயங்குவானேன் என்று ஒரு சகோதரி நேரடியாகவே கேட்டார். நியாயமான கேள்வி. இந்த வாரத் தியானம் அவருக்கும் உங்கள் அனைவருக்கும் நான் சொல்லக் கடமைப்பட்டுள்ள பதில்.

முதலில், வயது வரம்பே வேண்டாம் என்போருக்கு மறுமொழி கூறிவிடுகிறேன். அவர்கள் வெளியே மட்டும் இல்லை. நம் வாலிபர் ஐக்கியத்திலும் இருக்கிறார்கள்.

பதினெட்டு வயதில் வாக்களிக்கலாம் என்றால் குடிக்கவும் அனுமதிக்க வேண்டியதுதானே என்பது அவர்களுடைய முதல் வாதம். வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது 1989-இல் நடைமுறைக்கு வந்த 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம். அதே அரசியலமைப்பு, சட்டமன்றத்திற்கும் மக்களவைக்கும் போட்டியிட 25 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. குடியரசுத் தலைவராக 35 வயது கேட்கிறது. ஓர் ஆண்மகன் திருமணம் செய்துகொள்ளச் சட்டம் 21 வயது கேட்கிறது. ஆகவே பதினெட்டு என்பது எல்லாக் கதவுகளையும் திறக்கும் ஒரே திறவுகோலாக ஒருநாளும் இருந்ததில்லை. மேலும், ஆசையை அடக்கவும் விளைவை முன்கூட்டி எண்ணிப் பார்க்கவும் உதவுகின்ற மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது என்று மருத்துவ அறிவியல் கூறுகிறது. எவ்வளவு இளம் வயதில் குடி தொடங்குகிறதோ, பிற்காலத்தில் அதற்கு அடிமையாகும் வாய்ப்பும் அவ்வளவு மிகுதி. வயது வரம்பு வாலிபனை அவமதிப்பதாகாது. அவன் முழுமையாக வளரும் வரை அவனுக்காகக் காத்திருப்பதாகும்.

கானா ஊர்க் கலியாணத்தில் ஆண்டவரே தண்ணீரைத் திராட்சரசமாக மாற்றினாரே என்பது இரண்டாவது வாதம். இதைச் சொல்பவர் வேதத்தில் பெரும்பாலும் அந்த ஓர் அதிகாரத்தை மட்டும் நன்றாகப் படித்தவராக இருக்கிறார். ஆறு கற்சாடிகளும் வேலைக்காரரால் நிரப்பப்பட்டன. பந்தி விசாரிப்புக்காரன் அறிய விருந்தில் பரிமாறப்பட்டன. அண்டை அயலானுக்குக் குடிக்கக் கொடுத்து அவனை வெறிக்கச் செய்கிறவனைப் பற்றி ஆபகூக் தீர்க்கதரிசி இரண்டாம் அதிகாரத்தில் என்ன சொல்கிறார் என்பதையும் அவர்கள் ஒருமுறை வாசிக்கட்டும்.

கடையில் மறுத்தால் வாலிபர் கள்ளச்சாராயத்தைத் தேடிப் போவார்கள் என்பது மூன்றாவது வாதம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலித் தொழிலாளர்கள். வயது போதாது என்று கடையில் திருப்பி அனுப்பப்பட்டு அவர்கள் அங்கே போகவில்லை. விலை குறைவு என்று போனார்கள். அந்த ஏழைகளின் மரணத்தை, கல்லூரி மாணவன் கையில் பீர் கொடுப்பதற்கு நியாயமாகக் காட்டுவது இரக்கமற்ற செயல்.

வருமானம் போய்விடும் என்பது நான்காவது வாதம். 2023-24ஆம் ஆண்டில் மது விற்பனையால் தமிழ்நாடு அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 45,855 கோடி ரூபாய். பெருந்தொகைதான். ஆனால் 1937-இல் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. 1939-இல் அவர் விற்பனை வரியைக் கொண்டுவந்து அந்த இழப்பை ஈடுசெய்ய வழி கண்டார். மனம் இருந்தால் வேறு வழி உண்டு என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. அதோடு, இவ்வாறு வாதிடுகிறவர் தம்மை அறியாமல் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: இருபத்தொரு வயது நிரம்பாத பிள்ளைகளின் பணமும் அந்தக் கணக்கில் சேர்கிறது என்பதே அது.

ஆகவே, பிரியமானவர்களே, வயது வரம்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை உயர்த்தக் கூடாது என்றும் நான் கூறவில்லை. கேரள அமைச்சரவை 2017 டிசம்பரில் 21-ஐ 23-ஆக உயர்த்த முடிவெடுத்தது. தில்லியில் வயது 25. மகாராஷ்டிரத்தில் கடும் மதுவகைகளுக்கு 25. கர்நாடக அரசு 2023 ஜனவரியில் 21-ஐ 18-ஆகக் குறைக்க முயன்று, எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டது. புதுச்சேரியிலோ 18. நம் பிள்ளைகள் அடையாற்றிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் பயணம் செய்தால் சட்டத்தின் வயது மூன்று ஆண்டு குறைந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று கோருவதற்கு நமக்கு உரிமை உண்டு.

அப்படியானால் நான் ஏன் தயங்கினேன்? விண்ணப்பத்தை இருமுறை வாசித்தேன். தமிழ்நாட்டில் இன்று நடைமுறையில் உள்ள 21 என்ற வரம்பு காக்கப்படுகிறதா என்று ஒரு வரிகூட அதில் இல்லை. இருக்கிற வேலியில் ஆடு நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்க, வேலியின் உயரத்தைக் கூட்டும்படி கேட்கிறோம்.

2003ஆம் ஆண்டின் மது சில்லறை விற்பனை விதிகள், 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக் கூடாது என்கின்றன. அதே ஆண்டு இறுதியில்தான் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. அன்று முதல் விற்பவரும் அரசே, விற்காதே என்று தடுக்க வேண்டியவரும் அரசே. மாநகராட்சிப் பகுதியில் ஆலயத்திலிருந்தும் கல்விக்கூடத்திலிருந்தும் 50 மீட்டர் தள்ளி இருந்தால் மதுக்கடைக்குப் போதும் என்பதும் அந்த விதிகளில் உள்ளதே. ஐம்பது மீட்டர் என்பது ஞாயிறு பள்ளி முடிந்து ஓடுகிற ஒரு சிறுவனுக்கு அரை நிமிடத் தூரம்.

2023-இல் கோயம்பேட்டில் ஒரு வணிக வளாகத்து மதுக்கடையில் தானியங்கி விற்பனை இயந்திரம் வைக்கப்பட்டபோது நகரமே கொதித்தது. இயந்திரம் வயதைக் கேட்குமா என்று எல்லாரும் கேட்டோம். அது கடைக்குள்தான் இருக்கிறது, ஊழியர்களின் கண்காணிப்பில் இருக்கிறது என்று அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அந்தக் கேள்வி சரியானது. ஆனால், மாலை நேர நெரிசலில் கம்பிவலைக்குப் பின்னால் நிற்கும் மனிதர் வயதைக் கேட்கிறாரா என்று நாம் அதே ஆவேசத்தோடு என்றாவது கேட்டிருக்கிறோமா?

நம் சபையாரில் மதுக்கடைக்குப் போகிறவர்களும் உண்டு. அது எனக்குத் தெரியும்; எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். இன்று உங்களைக் கடிந்துகொள்ளவில்லை. சாட்சி சொல்ல அழைக்கிறேன். நீங்கள் முதன்முதலில் புட்டி வாங்கியபோது உங்களுக்கு வயது என்ன? பிறந்த தேதியைக் காட்டும் சான்றை யாராவது கேட்டார்களா? உங்கள் முன்னால் ஒரு பையன் திருப்பி அனுப்பப்பட்டதை எத்தனை முறை கண்டிருக்கிறீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் உள்ளத்தில் எழும் விடைதான், 25 என்று எழுதினாலும் நாளை நடக்கப்போவது.

அமெரிக்காவை எடுத்துக்காட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குடிபோதையில் ஒருவர் ஓட்டிய வாகனம் மோதித் தன் பதின்மூன்று வயது மகளை இழந்த கேண்டி லைட்னர் என்னும் தாய் 1980-இல் தொடங்கிய இயக்கமும் சேர்ந்து எழுப்பிய குரலால், 1984-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. மது வாங்கும் வயதை 21-ஆக வைக்காத மாநிலத்திற்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி நிறுத்தப்படும் என்றது அச்சட்டம். 1988-க்குள் எல்லா மாநிலங்களும் இணங்கின. பல்லாயிரம் இளைஞரின் உயிர் காக்கப்பட்டதாக அந்நாட்டின் சாலைப் பாதுகாப்புத் துறை மதிப்பிடுகிறது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால், முகம் இளமையாகத் தெரிந்தால் அடையாள அட்டையைக் கேட்கும் கடைக்காரர் நின்றார். கேட்காவிட்டால் உரிமம் பறிபோகும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. இங்கே தன் கடையின் உரிமத்தைத் தானே பறித்துக்கொள்ள வேண்டிய நிலையில் அரசு இருக்கிறது. விற்பனையாளரோ தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் எளியவர். கூட்டத்தின் நடுவே ஒருவனை மறுத்தால் அவருக்குப் பாதுகாப்பு யார்? இந்தக் கேள்வியும் நம் விண்ணப்பத்தில் இல்லை.

காந்தியவாதி சசிபெருமாளை நினைத்துக்கொள்கிறேன். 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், வழிபாட்டு இடத்துக்கும் கல்விக்கூடத்துக்கும் அருகே இருந்த ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்பேசிக் கோபுரத்தின்மேல் ஏறிப் போராடி அவர் உயிர்நீத்தார். முழு மதுவிலக்குக்காக வாழ்நாளெல்லாம் குரல் கொடுத்த மனிதர், கடைசி நாளில் ஒரே ஒரு வாசலை அடைப்பதற்காக நின்றார். நாம் எந்த வாசலில் நின்றிருக்கிறோம்?

இனி, நான் தயங்கியதன் உண்மையான காரணத்தைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் அனுமதியோடு எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தியாகராய நகரில் ஒரு மண்டபத்தில் நம் சபைக் குடும்பமொன்றின் திருமண வரவேற்பு நடந்தது. மேடையில் நானே ஜெபித்து மணமக்களை ஆசீர்வதித்தேன். சாப்பிட்டுவிட்டு வாகன நிறுத்துமிடத்துக்கு வந்தபோது ஒரு காரின் டிக்கி திறந்திருந்தது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர். கையில் காகிதக் கோப்பைகள். என்னைக் கண்டதும் கோப்பைகள் முதுகுக்குப் பின்னால் போயின. "ஸ்தோத்திரம் ஐயா" என்றார்கள். அவர்கள் நடுவில் என்னிடம் ஞாயிறு பள்ளியில் படித்த பையன் ஒருவன் நின்றான். அப்போது அவனுக்கு வயது பதினேழு. அவன் கையும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. நான் "ஸ்தோத்திரம்" என்று பதில் சொல்லிவிட்டு என் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். நல்ல நாளில் ஏன் ஒருவரைச் சங்கடப்படுத்த வேண்டும் என்று எண்ணினேன்.

அன்றிரவு ஒன்றரை மணிக்கு என் தொலைபேசி ஒலித்தது. அந்தப் பையன் ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது அடையாற்றுத் திரு.வி.க. பாலத்தருகே சாலை நடுத்திட்டில் மோதி விழுந்திருந்தான். தாடையும் தொடை எலும்பும் முறிந்திருந்தன. தேவகிருபையால் உயிர் தப்பினான். இன்று கல்லூரிக்குப் போகிறான்; சற்றே சாய்ந்து நடக்கிறான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவன் தகப்பனார் என் தோளைப் பற்றிக்கொண்டு அழுதார். "சின்னப் பிள்ளைங்களுக்கெல்லாம் விக்கிறானுங்களே ஐயா, இந்த அரசாங்கத்தைக் கேட்க யாருமில்லையா?" என்றார்.

அந்தப் புட்டியைக் கடையில் வாங்கியவர் பையனின் தாய்மாமன். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. சட்டம் 21 என்றாலும், 25 என்றாலும், 40 என்றாலுமே அவரால் வாங்கியிருக்க முடியும். மருமகன் கையில் முதல் கோப்பையைக் கொடுத்தவரும் அவரே. "இனிமேல் நீயும் ஆம்பளதான்" என்று சொல்லிக் கொடுத்தாராம். இதை என்னிடம் அறிக்கையிட்டபோது அவர் குழந்தையைப் போல் அழுதார். இந்த விண்ணப்பத்தில் மூன்றாவது கையொப்பம் அவருடையது. அவரை நான் பழிக்கவில்லை. காலியாக விடப்பட்ட முதல் வரிக்கு உரியவன் கண்டும் காணாமல் போனவன்.

ஆகவேதான் ஏலியை இந்த வாரத் தியானத்துக்கு எடுத்துக்கொண்டேன். ஏலி ஆசாரியர் சீலோவில் வாசல் நிலையருகே உட்கார்ந்திருந்தார். அன்னாள் மனங்கசந்து, சத்தமில்லாமல் உதடு அசைய ஜெபித்தாள். அவள் குடித்திருக்கிறாள் என்று அவர் உடனே முடிவு செய்து கடிந்துகொண்டார். மதுவின் வாசனைகூட அறியாத பெண்ணிடம் அவருக்கு அத்தனை கண்டிப்பு இருந்தது. தம் சொந்தக் குமாரர் தேவாலயத்தையே அவமதித்தபோது, அவர் சொன்ன புத்தி வெறும் சொல்லாக நின்றது. சாமுவேலிடம் கர்த்தர் உரைத்த தீர்ப்பைக் கவனியுங்கள். ஏலிக்கு அக்கிரமம் தெரியாது என்று அங்கே இல்லை. தெரிந்தும் அவர்களை அடக்கவில்லை என்பதே குற்றம். மதுக்கடை வரிசையில் நிற்கும் அந்நியரின் பிள்ளைகளைப் பற்றி நாம் அன்னாளைக் கண்ட ஏலியைப் போலப் பேசுகிறோம். நம் மண்டபங்களின் வாகன நிறுத்துமிடத்தில் ஓப்னியையும் பினெகாசையும் பெற்ற ஏலியாகிவிடுகிறோம்.

நாட்டின் சட்டமும் இங்கே நம்மை விட்டுவைக்கவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, மருத்துவரின் ஆணையின்றிப் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு மது கொடுப்பவர் எவராயினும் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் பெறலாம் என்கிறது. கடைக்காரர் என்று அது பிரித்துச் சொல்லவில்லை. மாமனும் சித்தப்பாவும் அதில் அடக்கம். மதுவைச் சுமந்து வரவோ கொண்டுபோய்க் கொடுக்கவோ பிள்ளையைப் பயன்படுத்துகிறவருக்கு 78ஆம் பிரிவு அதே தண்டனையை விதிக்கிறது. "தம்பி, அந்தப் பையை எடுத்துட்டு வா" என்று மகனை அனுப்புகிற தகப்பன்மாரே, இதை மனதில் வையுங்கள்.

இப்போது என் வேண்டுகோளைச் சொல்கிறேன்.

விண்ணப்பத்தைத் திருத்தி எழுதுவோம். இருக்கிற 21 வயது வரம்பை எல்லாக் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் காக்க வேண்டும். ஐயத்துக்கு இடமானவரிடம் வயதுச் சான்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். கேட்டு மறுக்கும் ஊழியருக்குக் காவல்துறையின் பாதுகாப்பும் மேலதிகாரியின் ஆதரவும் வேண்டும். கேட்காத கடை அந்த மாதமே மூடப்பட வேண்டும். இவை முதல் கோரிக்கைகளாக நிற்கட்டும். வயதை உயர்த்தும் கோரிக்கை அவற்றைத் தொடர்ந்து வரட்டும். 21-ஐக் காக்கப் பழகிய கை 25-ஐயும் காக்கும். 21-ஐக் கைவிட்ட கையில் 25-ஐக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

இரண்டாவதாக, இனி திருமண ஓலை வாசிக்கப்படுமுன் இரு வீட்டாரையும் அழைத்து ஒன்று கேட்பேன். மண்டபத்திலோ அதன் வாகன நிறுத்துமிடத்திலோ விடுதி அறையிலோ மது இராது என்று எனக்கு வாக்குத் தர வேண்டும். வாக்கு மீறப்படுவதைக் கண்டால், மேடையில் ஜெபித்து முடித்தவனாயினும், இறங்கிவந்து அந்த டிக்கியின் முன் நிற்பேன். சங்கடம் உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. மருத்துவமனைத் தாழ்வாரத்தைவிட அது பெரிய சங்கடமில்லை.

மூன்றாவதாக, நம் வீடுகள். வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் விமான நிலையத்தில் வாங்கிவரும் புட்டி காட்சிப் பொருளாக அலமாரியில் நிற்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். சுவரில் வசன அட்டை, அதன் கீழே அந்தப் புட்டி. பிள்ளை எதை நம்புவான்?

எரேமியா தீர்க்கதரிசியின் 35ஆம் அதிகாரத்தில் ரேகாபியரைக் காண்கிறோம். தேவாலயத்து அறையிலேயே, தீர்க்கதரிசியே அவர்கள் முன் திராட்சரசக் குடங்களை வைத்து அருந்தச் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள். அங்கே காவலர் இல்லை; வயதைக் கேட்கும் விதியும் இல்லை. எங்கள் தகப்பன் யோனதாப் கட்டளையிட்டிருக்கிறார் என்பதே அவர்கள் சொன்ன காரணம். தலைமுறைகள் கடந்தும் அந்தக் கட்டளை நின்றது. கட்டளையிட்டவர் தாமும் அப்படியே வாழ்ந்திருப்பார் என்று எண்ணுகிறேன். இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகள் அதை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் திருத்திய விண்ணப்பம் ஆலய வாசலில் மேசைமேல் இருக்கும். நான் கையொப்பமிடுவேன். முதல் வரியில் அந்தப் பையனின் பெயர் இருக்கட்டும் என்று அவனையே கேட்டேன், சம்மதித்திருக்கிறான். அவனுக்கு இப்போது பத்தொன்பது வயது. கடைசி வரியை எனக்கு விட்டுவையுங்கள்.

ஜெபம்: பரம தகப்பனே, கண்டும் காணாமல் போன எங்கள் கண்களை மன்னியும். பிறர் பிள்ளைகளைக் குற்றஞ்சாட்டுமுன் எங்கள் பிள்ளைகளின் கையிலிருப்பதைப் பார்க்க எங்களுக்குத் தைரியம் தாரும். ஆளுகிறவர்களுக்குப் பணத்தைவிடப் பிள்ளைகளை அருமையாக எண்ணும் இருதயத்தைத் தாரும். கடையின் கம்பிவலைக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று சொல்ல நினைக்கும் ஊழியரைப் பெலப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.